பிபிடி: தண்ணீரைக் குடிக்காது, ஆனால் வெந்நீருக்குத் தோற்கும்

கேள்வி சுருக்கமாக இது: "இரு சக்கர வாகனத்துக்கான ஒயரிங் கனெக்டர்களை நைலான் 66-இல் செய்துகொண்டிருக்கிறோம். வாடிக்கையாளர் பிபிடிக்கு மாற்றச் சொல்கிறார். அது பாலியெஸ்டர் என்கிறார்கள். பாலியெஸ்டர் என்றால் சட்டைத் துணியும் தண்ணீர் பாட்டிலும்தானே, அது எப்படி இன்ஜின் பக்கத்தில் தாங்கும்? அதே டையில் அப்படியே ஓட்டலாமா?"

சட்டைத் துணி, தண்ணீர் பாட்டில், உங்கள் கனெக்டர் மூன்றும் ஒரே குடும்பம்தான். துணியும் பாட்டிலும் பெட், அதாவது பாலிஎத்திலீன் டெரிப்தலேட். உங்களிடம் கேட்கப்படுவது பாலிபியூட்டிலீன் டெரிப்தலேட், சுருக்கமாக பிபிடி. பெயரில் ஒரு சொல்தான் மாறுகிறது, ஆனால் மெஷினில் உருக்கி, டை என்ற அச்சுக்குள் செலுத்தி ஓட்டும்போது இரண்டும் வேறு வேறு பொருள்கள். ஓட்டலாமா என்ற கேள்விக்கு என் பதில்: ஓட்டலாம், ஆனால் அப்படியே ஓட்டக் கூடாது. ஏன் என்று கொஞ்சம் அடியிலிருந்து சொல்கிறேன். அடிப்படை புரிந்தால் மெஷின் பக்கத்தில் நிற்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பது தானாகவே பிடிபடும்.

பாலியெஸ்டரின் கதை ஒரு தோல்வியிலிருந்து தொடங்குகிறது. 1930 வாக்கில் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸும் ஜூலியன் ஹில்லும் பாலியெஸ்டர்களைச் செய்து, அவற்றை இழையாக இழுத்தும் காட்டினார்கள். ஆனால் அந்த இழைகள் குறைந்த சூட்டிலேயே உருகின, வெந்நீரும் அவற்றைக் கெடுத்தது. இஸ்திரி போட முடியாத இழையை வைத்து யார் துணி நெய்வார்கள்? கரோதர்ஸ் அதை ஓரமாக வைத்துவிட்டு வேறு வழியில் போனார், அந்த வழியில் பிறந்தது நைலான். கைவிடப்பட்ட பாலியெஸ்டரை மான்செஸ்டரின் காலிகோ பிரின்டர்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் வின்ஃபீல்டும் ஜேம்ஸ் டிக்சனும் மறுபடி கையில் எடுத்தார்கள். கரோதர்ஸின் பாலியெஸ்டரில் மூலக்கூறுச் சங்கிலி நேரான கார்பன் தொடர், அதனால் துவண்டது. சங்கிலியின் நடுவே பென்சீன் வளையத்தை வைத்தால் விறைப்பு வரும் என்று கணக்குப் போட்டு, டெரிப்தாலிக் அமிலத்தைப் பயன்படுத்தினார்கள். 1941-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். பிரிட்டனில் டெரிலீன், அமெரிக்காவில் டேக்ரான் என்று வந்து, நம் ஊரில் 'டெரிகாட்டன்' சட்டையாகப் பழகிய இழை அதுதான்.

இந்தச் சங்கிலியில் விறைப்பான வளையத்தையும் அடுத்த வளையத்தையும் இணைக்கும் ஒரு சிறு கண்ணி இருக்கிறது. பெட்டில் அந்தக் கண்ணிக்கு இரண்டு கார்பன், பிபிடியில் நான்கு. எத்திலீன் கிளைக்கால் என்ற மூலப்பொருளுக்குப் பதிலாக பியூட்டேன்டையால் போட்டுச் செய்வதால் வரும் வித்தியாசம் இது. அந்த இரண்டு கார்பன் கூடுதலால் சங்கிலி கொஞ்சம் நெளிந்துகொடுக்கும், அதனால் குளிரும்போது சட்டென்று வரிசையாக அடுக்கிக்கொண்டு படிகமாகிவிடும். மோல்டிங் செய்கிறவனுக்கு இது பெரிய வரம். பெட்டை ஒழுங்காகப் படிகமாக்கி மோல்டு செய்ய, டையை 130, 140 டிகிரி சூட்டில் எண்ணெய் ஓட்டி வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சங்கிலிகள் பாதியிலேயே உறைந்துவிடும். பிபிடிக்கு 80 டிகிரி போதும், சைக்கிள் டைமும் குறைவு. 1970-இல் அமெரிக்காவின் செலனீஸ் நிறுவனம் இதை வணிக ரீதியாகக் கொண்டுவந்தபோது, இன்ஜெக்ஷன் மோல்டிங்குக்கு ஏற்ற பாலியெஸ்டர் என்று தொழிலில் இது சீக்கிரம் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இந்த வேகம்தான். இன்று செலனெக்ஸ், வாலாக்ஸ், அல்ட்ராட்யூர், கிராஸ்டின், போக்கான் என்று மூட்டையில் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது இதே சங்கிலி.

இனி இன்ஜின் பக்கத்தில் தாங்குமா என்பதற்கு வருகிறேன். சுத்தமான பிபிடி ஏறக்குறைய 223 டிகிரி செல்சியஸில் உருகும். ஆனால் உருகுநிலையை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். 50 டிகிரியைத் தாண்டும்போதே அதன் படிகமாகாத பகுதி தளர ஆரம்பிக்கும். அதனால் எதுவும் சேர்க்காத பிபிடி, 1.8 மெகாபாஸ்கல் பளுவைத் தாங்கிக்கொண்டு விறைப்பாக நிற்பது 60, 65 டிகிரி வரைதான். அதிலேயே 30 சதவீதம் கண்ணாடி இழையைச் சேர்த்தால் அந்த எண் 200-ஐத் தாண்டிவிடும். படிகமும் கண்ணாடி இழையும் சேர்ந்து ஓர் எலும்புக்கூடு போலத் தாங்குகின்றன, நடுவே சதை தளர்ந்தாலும் உருவம் குலைவதில்லை. இழுவலிமையும் 55 மெகாபாஸ்கல் அளவிலிருந்து 130-க்கு மேலே போகும். இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சென்சார் கூடு, இக்னிஷன் காயிலின் உறை, வைப்பர் மோட்டாரின் கூடு எல்லாம் இப்படிக் கண்ணாடி இழை சேர்த்த பிபிடியில் வருகின்றன.

ஆனால் வலிமைக்காக மட்டும் என்றால் நைலானை விட்டு யாரும் வர வேண்டியதில்லை. நைலான் 66 அதே அளவு கண்ணாடி இழையோடு இன்னும் அதிக வலிமை தரும். உங்கள் வாடிக்கையாளர் மாற்றச் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீராகத்தான் இருக்கும்.

நைலான் 66 காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சாதாரண ஈரப்பதத்தில் விட்டால் தன் எடையில் 2.5 சதவீதம், நீரிலேயே கிடந்தால் 8 சதவீதத்துக்கும் மேலே. குடித்த தண்ணீருக்கு ஏற்றபடி உடம்பும் ஊதும். இழை சேர்க்காத நைலான் துண்டு ஒன்று 100 மில்லிமீட்டர் நீளம் என்றால், காற்றின் ஈரத்திலேயே அரை மில்லிமீட்டர் வாக்கில் நீண்டுவிடும். பிபிடியோ நீரிலேயே கிடந்தாலும் அரை சதவீதத்துக்கு மேல் குடிக்காது, அளவும் ஏறக்குறைய அசையாது. ஒரு கனெக்டரில் இருபது பின்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது இதன் அருமை தெரியும். கோவையில் பிப்ரவரி வெயிலில் அளந்த துண்டும் சென்னையில் நவம்பர் அடைமழையில் அளந்த துண்டும் ஒரே அளவு காட்ட வேண்டும் என்றால் பிபிடிதான் கைகொடுக்கும்.

மின்சாரத்துக்கும் இதே நியாயம். ஈரம் ஏறாததால் அதன் மின்காப்பும் மழைக்கும் வெயிலுக்கும் மாறுவதில்லை. ரிலே, எம்சிபி, காயில் பாபின், எல்இடி பல்பின் அடிப்பகுதி என்று மின்சாரம் தொடும் இடமெல்லாம் இது நுழைந்ததற்குக் காரணம் அதுதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சாதாரண பிபிடி தீப்பிடித்தால் கரும்புகையோடு எரியும், சொட்டும். தீ அணைக்கும் சேர்மானம் போட்ட கிரேடு வாங்கினால்தான் யுஎல் 94 என்ற தீச் சோதனையில் வி-0 என்ற தரம் கிடைக்கும். அதிலும் புரோமின் வகைச் சேர்மானம் போட்ட கிரேடுகளில், பரப்பில் மின்சாரம் தடம் பதித்து ஓடுவதைத் தடுக்கும் திறன் பாதிக்குக் கீழேகூட இறங்கிவிடும். மின்சார வண்டிகளின் அதிக வோல்ட் கனெக்டர்களுக்கு புரோமின் போன்ற ஹாலஜன்கள் இல்லாத கிரேடுகளைக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். டேட்டா ஷீட்டில் வி-0 என்பதை மட்டும் பார்த்து ஆர்டர் போடாதீர்கள், அந்தத் தடுக்கும் திறனைச் சொல்லும் சிடிஐ எண்ணையும் பாருங்கள்.

அப்புறம், இந்தப் பொருளின் ஒரே பெரிய எதிரி. தண்ணீரைக் குடிக்காத பிளாஸ்டிக் என்று இவ்வளவு நேரம் புகழ்ந்தேன், ஆனால் சூடோடு சேர்ந்து வரும் தண்ணீர் இதைத் தின்றுவிடும். பாலியெஸ்டர் என்ற பெயரில் இருக்கும் எஸ்டர் பிணைப்பு, அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து ஒரு தண்ணீர் மூலக்கூறை வெளியேற்றியதால் உண்டானது. சூட்டில் தண்ணீர் திரும்பி வந்தால் அந்தக் கணக்கு பின்னோக்கி ஓடும், பிணைப்பு அறும். அறுந்த முனையில் ஓர் அமிலத் துண்டு மிஞ்சும், அந்த அமிலம் அடுத்த பிணைப்பு அறுவதை இன்னும் வேகப்படுத்தும். அதனால்தான் ஆரம்பத்தில் ஒன்றுமே நடக்காதது போல இருந்துவிட்டு, பிறகு மொத்தமாக நொறுங்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு மோல்டிங் கம்பெனியில் நைட் ஷிஃப்டில், குருணையை உலர்த்தும் ஹாப்பர் டிரையரின் ஹீட்டர் எரிந்துபோனது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததால் சத்தத்தை வைத்து யாருக்கும் சந்தேகம் வரவில்லை. விடிய விடிய காயாத பிபிடியை ஓட்டியிருக்கிறோம். காலையில் வந்து துண்டுகளைப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. நைலானோ பாலிகார்பனேட்டோ ஈரத்தோடு ஓடினால் மேலே வெள்ளிக் கோடுகள் இழுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். பிபிடி அப்படிக் காட்டிக்கொடுக்கவில்லை, பளபளவென்று அழகாக இருந்தது. ஒரே ஓர் அறிகுறி இருந்திருக்கிறது: நாசிலிலிருந்து உருகின பொருள் தேன் மாதிரி வராமல் எண்ணெய் மாதிரி ஒழுகியிருக்கிறது. ஆபரேட்டர் அதைப் பார்த்துவிட்டு சூட்டைக் கொஞ்சம் குறைத்து ஓட்டியிருக்கிறார். அசெம்பிளியில் முதல் துண்டைப் பொருத்தும்போதே பூட்டுக் கொக்கி 'மடக்' என்று போய்விட்டது. அடுத்ததும் அப்படியே. உடைந்த இடத்தைத் தடவிப் பார்த்தால் பிஸ்கட் உடைந்த மாதிரி இருந்தது. துண்டுகளை அரைத்து உருகியோடும் அளவை எடுத்தோம், புதுக் குருணையைப் போல இரண்டு மடங்கு. பொருள் உருகும் பேரலிலேயே சங்கிலிகள் அறுந்துவிட்டன என்று அர்த்தம். ஓர் இரவு உற்பத்தி முழுவதும் ஸ்கிராப். அதை அரைத்துப் புது மெட்டீரியலோடு கலக்கவும் கூடாது, அறுந்த சங்கிலி ஒட்டாது. அன்றிலிருந்து டிரையரின் மேல் கை வைத்துச் சூட்டைப் பார்க்காமல் நான் எந்தப் பிபிடி மெஷினையும் கடந்து போனதில்லை.

எனவே உலர்த்தல் விஷயத்தில் பேரம் பேசாதீர்கள். 120 டிகிரியில் நான்கு மணி நேரம், ஈரம் 0.04 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும், 0.02 வந்தால் நிம்மதி. மழைக்காலத்தில் வெறும் சூடான காற்றை அடிக்கும் டிரையர் போதாது, ஈரம் நீக்கிய காற்றை அடிக்கும் டிரையர் வேண்டும். காய்ந்த குருணையைத் திறந்த பக்கெட்டில் மெஷினுக்கு எடுத்து வருவதை நிறுத்துங்கள். நைலானை மூட்டை பிரித்ததும் நேரே கொட்டி ஓட்டிய பழக்கம் உங்கள் ஆட்களுக்கு இருக்கலாம், அது இங்கே ஆகாது. பேரல் சூடு 250, 260 போதும். 280-ஐத் தாண்டி நெடுநேரம் நின்றால் பொருள் சிதைந்து டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற ஆவி வரும், ஈதர் போல ஒரு வாடை. அந்த வாடை வந்தால் காற்றோட்டத்தைப் பார்த்துவிட்டு உடனே பர்ஜ் பண்ணுங்கள், அதாவது பேரலில் இருப்பதை வெளியே தள்ளிவிடுங்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. நைலான் துண்டுகள் டையிலிருந்து வந்ததும் காய்ந்து விறைப்பாக இருக்கும், கொக்கி உடையாமல் இருக்க வெந்நீரில் ஊறவைத்துத்தான் அசெம்பிளிக்கு அனுப்புவோம். பிபிடி துண்டை அதே தொட்டியில் போட்டுவிடாதீர்கள். அது தண்ணீரைக் குடித்து மிருதுவாகப் போவதில்லை, ஊறவைப்பதில் ஒரு நன்மையும் கிடையாது, வெந்நீரில் கெடுதல்தான் உண்டு.

இந்த எஸ்டர் பிணைப்பின் பலவீனத்தையே ஒரு வேலைக்காரனாக மாற்றிய இடம் ஒன்று இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம். கடையில் 'ஸ்லிம்' என்றோ 'அல்ட்ரா சாஃப்ட்' என்றோ விற்கும், ஊசிமுனை போல மெலிந்த நார் உள்ள டூத் பிரஷ்ஷை எடுத்துப் பாருங்கள். அந்த நார் பெரும்பாலும் பிபிடி. சாதாரண நைலான் நாரின் முனை உருண்டையாக இருக்கும், இதில் கடைசி சில மில்லிமீட்டர் படிப்படியாக மெலிந்து முடியும். அதைச் சீவியோ இழுத்தோ செய்வதில்லை. நார்க் கட்டின் நுனியைச் சூடான காரக் கரைசலில் முக்குகிறார்கள். காரம் எஸ்டர் பிணைப்புகளை வெளிப்புறத்திலிருந்து கரைத்துக்கொண்டே உள்ளே வர, முனை கூராகிவிடுகிறது. கனெக்டரை நொறுக்கிய அதே வேதியியல்தான் இங்கே ஈறு நோகாத பிரஷ்ஷைத் தருகிறது. இதிலிருந்து உங்களுக்கு ஒரு பாடமும் உண்டு: பெட்ரோல், கிரீஸ், பிரேக் ஆயில் எதுவும் பிபிடியை ஒன்றும் செய்யாது, ஆனால் காரமான கழுவு திரவங்கள் படும் இடத்தில் வைக்காதீர்கள்.

வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். வீட்டுக்கு வரும் ஃபைபர் இணையத்தின் பெரிய கேபிளை வெட்டினால் உள்ளே நீலம், ஆரஞ்சு, பச்சை என்று இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனில் சிறு குழாய்கள் வரும். அந்தக் குழாய்கள் பிபிடி. உள்ளே பிசுபிசுப்பான ஜெல்லில் தலைமுடி போன்ற கண்ணாடி இழைகள் மிதக்கும். ஜெல்லில் ஊறாமல், நசுங்காமல், ஈரத்தில் நீளாமல் அவற்றைக் காப்பதுதான் குழாயின் வேலை. கம்ப்யூட்டர் ஃபேனின் இறக்கைகள், ரத்த வங்கியில் வெள்ளணுக்களை வடிகட்டும் மெல்லிய இழைத் தாள், குளோரின் நீரில் கெடாத நீச்சல் உடை என்று பட்டியல் நீளும்.

விலை கூடிய கீபோர்டுகள் பலவற்றின் விசைகளும் பிபிடிதான். ஏபிஎஸ் விசை விரல் பட்டுப் பட்டு எண்ணெய் பூசினது போலப் பளபளக்கும், பிபிடி சொரசொரப்பாகவே இருக்கும். உங்களிடம் இருப்பது எது என்று தெரிய ஒரு சோதனை: ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பு இனிக் கரையாது என்ற அளவுக்குப் போட்டுக் கலக்குங்கள். விசையைக் காற்றுக் குமிழி ஒட்டாமல் முக்கி விடுங்கள். ஏபிஎஸ்ஸின் அடர்த்தி 1.05, அது மிதந்துவிடும். பிபிடி 1.31, கல் மாதிரி அடிக்குப் போகும். எழுத்தை அதன் மேல் அச்சடிப்பதும் சுவையான விஷயம். 200 டிகிரி வாக்கில் சாயத்தை ஆவியாக்கி பிளாஸ்டிக்குக்குள்ளேயே இறக்குகிறார்கள், எழுத்து தேய்வதே இல்லை. காபி மக்கில் போட்டோ அச்சடிக்கிறார்களே, அதே முறைதான். மக்கின் மேல் பூசியிருப்பதும் ஒரு பாலியெஸ்டர்தான், அந்தச் சாயம் பிடித்துக்கொள்வது அதனால்தான்.

சரி, உங்கள் டைக்கு வருவோம். முதலில் கனெக்டர் வண்டியில் எங்கே உட்காருகிறது என்று கேளுங்கள். ஹெட்லைட்டுக்குப் பின்னால், ஹேண்டில்பாரில், சீட்டுக்கு அடியில் என்றால் பிபிடி கச்சிதமான தேர்வு. இன்ஜினை ஒட்டி, சூடும் நீராவியும் சேர்ந்து படும் இடம் என்றால் ஹைட்ராலிசிஸ், அதாவது தண்ணீர் பிணைப்பை அறுப்பதைத் தாங்கும் கிரேடைத்தான் கேட்க வேண்டும், சாதாரண கிரேடைக் கொடுத்துவிட்டு இரண்டு மழைக்காலம் கழித்து வருத்தப்படக் கூடாது. ரேடியேட்டர் தொட்டி, கூலன்ட் குழாய் என்று சூடான நீர் உள்ளேயே ஓடும் உறுப்பு என்றால் பிபிடியை மறந்துவிடுங்கள், அங்கே நைலான் 66 தான் ராஜா.

டையை அப்படியே ஓட்டக் கூடாது என்றதற்கு மூன்று காரணங்கள். நைலான் துண்டு பிறகு ஊதும் என்று கணக்குப் போட்டு வெட்டிய டையில் பிபிடியை ஓட்டினால், அது ஊதாமல் சிறியதாகவே நிற்கும், பின் இடைவெளி சரிவராது. இரண்டாவது, கண்ணாடி இழை சேர்த்த பிபிடி ஓடும் திசையில் 0.3 சதவீதம் போலச் சுருங்கும், குறுக்கே அதைப் போல மூன்று மடங்கு. நீளமான தட்டையான சுவர்கள் வாழை மட்டை போல வளையும். கேட், அதாவது உருகின பொருள் டைக்குள் நுழையும் வாய் இருக்கும் இடத்தை மாற்ற வேண்டி வரலாம், அதுவும் முடியாவிட்டால் ஏஎஸ்ஏ என்ற வேறொரு பிளாஸ்டிக் கலந்த வளைவு குறைந்த கிரேடு ஒன்றை முயன்று பாருங்கள். மூன்றாவது, கொக்கி. ஈரம் குடித்த நைலான் கொக்கி ரப்பர் போல வளைந்து கொடுக்கும். பிபிடி அவ்வளவு வளையாது, கூர் மூலை இருந்தால் அங்கேயே கீறும். கொக்கியின் அடியில் 0.5 மில்லிமீட்டர் ஆரமாவது கொடுங்கள், கொக்கியைக் கொஞ்சம் நீளமாக்கினால் இன்னும் நல்லது. டூல் ரூமில் இது அரை நாள் வேலை.

ரன்னரை, அதாவது டைக்குப் பொருள் ஓடிவரும் வழியில் உறைந்து மிஞ்சும் துண்டை, அரைத்துச் சேர்ப்பதென்றால் 25 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள், அதையும் உலர்த்தித்தான் சேர்க்க வேண்டும்.

டிரையல் எடுத்த அன்றே ஐம்பது துண்டுகளைத் தனியாக எடுத்து வையுங்கள். பாதியை அப்படியே வைத்துக்கொண்டு, மீதியை 85 டிகிரி சூடு, 85 சதவீத ஈரப்பதம் உள்ள பெட்டியில் 1,000 மணி நேரம் போடுங்கள். வெளியே எடுத்ததும் இரண்டு கூட்டத்தின் கொக்கிகளையும் பூட்டித் திறந்து, உடையும் விசையை அளந்து பாருங்கள். அந்த இரண்டு எண்களையும் வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டு ஆர்டரை ஏற்றுக்கொள்ளுங்கள்.